மரத்துப்போகும் ஊசி போட்டால் எதிர்ப்பு சக்தி குறையுமா? (லிக்னோகெய்ன் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்)

செம்பருத்தி:
வணக்கம். அம்மாவுக்கு மார்பகத்தில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஆரம்ப நிலைதான் என்கிறார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன். முழு மயக்கம் கொடுத்த பிறகு, கத்தி வைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால் கட்டியைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போடப்போவதாக சர்ஜன் சொன்னார். நோய் மறுபடி வரும் வாய்ப்பு இதனால் குறையலாமாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் பெரியப்பா ஒரு ஃபார்வர்டைக் காட்டுகிறார். மரத்துப்போகும் ஊசி வெள்ளை அணுக்களைச் செயலிழக்க வைக்கும், புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது என்று அதில் இருக்கிறது. ஒரே மருந்தைப் பற்றி இப்படி நேர் எதிராக இரண்டு பேச்சு. எதை நம்புவது?

இரவுப்பணி:
நான் மயக்கவியல் டாக்டர். தினமும் கையாளும் மருந்து என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபார்வர்டில் இருப்பது முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கல். லிக்னோகெய்ன், பியூபிவகெய்ன், ரோபிவகெய்ன் எல்லாம் நரம்பில் உள்ள சோடியம் வாயில்களை அடைத்து வலிச் செய்தியை நிறுத்துகின்றன. அதோடு நிற்காமல் வெள்ளை அணுக்களின் மேலும் வேலை செய்கின்றன. ஆய்வகத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து லிக்னோகெய்னில் ஊறவைத்தால் அவை ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டுவது குறையும், நகர்வது குறையும், கிருமியை எரிக்க வெளியிடும் சூப்பராக்சைடும் குறையும். மேக்ரோஃபேஜ் என்ற இன்னொரு வகை வெளியிடும் டி.என்.எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிச் செய்திகளும் குறையும். பல நாட்டு ஆய்வகங்கள் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது.

ஆனால் எவ்வளவு செறிவில் பார்த்தார்கள் என்று ஃபார்வர்டு சொல்லாது. ஒரு கணக்கு போடுவோம். 2% லிக்னோகெய்ன் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம், அதாவது 20,000 மைக்ரோகிராம். ரத்தத்தில் பாதுகாப்பான அளவின் மேல்வரம்பு ஒரு மில்லிக்கு சுமார் 5 மைக்ரோகிராம். அதைத் தாண்டினால் நாக்கு மரத்து, காதில் இரைச்சல் கேட்டு, அப்புறம் வலிப்பு வரை போகலாம். ஆக, ஊசி இறங்கும் இடத்துக்கும் உடம்பின் மற்ற இடங்களுக்கும் 4,000 மடங்கு வித்தியாசம். ஆய்வகத் தட்டில் அணுக்களை முடக்கிய செறிவு பல ஆய்வுகளில் முதல் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவின் ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் பார்க்கப்போவது இரண்டாவது எண்ணை, பெரும்பாலும் அதற்கும் கீழே. ஆகவே உடம்பு முழுக்க எதிர்ப்பு சக்தி போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

பனங்காடு_ஆறுமுகம்:
எல்லா ரசாயனமும் விஷம்தான் டாக்டர். கம்பெனிக்காரன் சொல்வதை நீங்கள் சொல்கிறீர்கள்.

இரவுப்பணி:
ஐயா, 30 மில்லி குப்பி ஒரு சினிமா டிக்கெட் விலைகூட வராது. காப்புரிமை முடிந்து எத்தனையோ காலம் ஆகிறது. இதில் கம்பெனிக்கு என்ன பெரிய லாபம் இருக்கப்போகிறது?

நுண்ணோக்கி:
நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். டாக்டர் சொன்ன செறிவுக் கணக்கு சரி, ஆனால் பாதிக் கதைதான். நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நியூட்ரோஃபில் ஒரே அடியில் வெடிப்பதில்லை. முதலில் ஒரு சிறு எச்சரிக்கை வருகிறது. பிளேட்லெட் தூண்டு காரணி, லைசோஃபாஸ்ஃபாடிடிக் அமிலம் போன்ற கொழுப்பு மூலக்கூறுகள் அதைக் கொண்டுவருகின்றன. அணு தயார் நிலைக்குப் போகிறது. அடுத்து இரண்டாவது தூண்டல் வரும்போதுதான் முழு வேகத்தில் சூப்பராக்சைடு கொட்டுகிறது. எண்ணெய் காய்ந்திருந்தால்தானே கடுகு வெடிக்கும், அந்த மாதிரி. ஹோல்மன், டூரியூ என்ற இரண்டு மயக்கவியல் ஆராய்ச்சியாளர்களின் குழு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைத்தான் பிடித்து ஆராய்ந்தது. வெடிப்பையே நிறுத்த மிக அதிகச் செறிவு வேண்டும். தயார்ப்படுத்தும் கட்டத்தை மந்தமாக்கவோ, ரத்தத்தில் வரக்கூடிய குறைந்த செறிவே போதும், அணு அதில் பல மணி நேரம் இருந்தால். ஆகவே அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு "விளைவு இல்லை" என்று எழுதிய ஆய்வுகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, எனக்குப் பிடித்த பகுதி. இந்த வேலைக்கும் சோடியம் வாயிலுக்கும் சம்பந்தம் இல்லை. பஃபர் மீனின் விஷமான டெட்ரோடோடாக்ஸின் சோடியம் வாயிலைத் துல்லியமாக அடைக்கும். அதை நியூட்ரோஃபிலுக்குக் கொடுத்தால் இந்த விளைவு வருவதில்லை. லிக்னோகெய்ன் அணுவுக்கு உள்ளே புகுந்து, ஏற்பிக்குக் கீழே செய்தி கடத்தும் ஜி-புரதங்களில் ஜி-கியூ என்ற வகையைத் தடுக்கிறது என்பதுதான் அந்தக் குழு கண்டது. அதே குப்பி மருந்து நரம்பில் ஒரு பூட்டிலும் வெள்ளை அணுவில் வேறு பூட்டிலும் வேலை செய்கிறது.

இரவுப்பணி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல மணி நேரம் ரத்தத்தில் அந்த அளவு நிற்க வேண்டும் என்றால் டிரிப்பில் தொடர்ந்து ஓட்ட வேண்டும். கட்டியைச் சுற்றி ஒருமுறை போடுவதில் அது நடக்காது. லிக்னோகெய்னின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறையும் நேரம், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான்.

நுண்ணோக்கி:
சரி. அப்படியானால் ஊசி இறங்கிய இடத்தில் என்ன நடக்கும்? அங்கே 4,000 மடங்கு அல்லவா? அங்கே அணுக்கள் மந்தமாவது மட்டுமில்லை, சாகவும் செய்யும். டி செல் (இதுவும் ஒருவகை வெள்ளை அணு) வகையைச் சேர்ந்த ஜுர்காட் என்ற ஆய்வக அணுக்களில் லிக்னோகெய்ன் மைட்டோகாண்ட்ரியா வழியாகத் தற்கொலையைத் தூண்டுவதை 2007-இல் ஒரு ஜெர்மன் குழு காட்டியது. ஃபார்வர்டு எழுதியவர் இதைப் படித்துவிட்டு உடம்பு முழுக்க நீட்டியிருக்கலாம்.

இரவுப்பணி:
அந்தத் திட்டில் கொஞ்ச நேரம் சில அணுக்கள் சாகலாம். ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, மருந்து கரைந்து போகிறது, புது அணுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. உலகம் முழுக்க தினமும் எத்தனை தையல், எத்தனை பல் பிடுங்கல்? மரப்பு ஊசி போட்ட காயங்கள் எல்லாம் சீழ் பிடிக்கின்றன என்றால் 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண்ணில் கொக்கெய்ன் விட்ட காலத்திலிருந்தே யாராவது கவனித்திருப்பார்கள்.

கத்திமுனை:
சர்ஜன். செம்பருத்தி கேட்ட கேள்வியின் மறுபாதியை யாரும் தொடவில்லை. மறுபடி வருவது குறையுமா?

அவருடைய சர்ஜன் சொல்வது மும்பை டாடா மெமோரியல் மையத்தின் ஆய்வு. 2011 கடைசியில் தொடங்கி 2022 வரை இந்தியாவின் 11 மையங்களில் நடந்தது. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் உள்ள 1,583 பெண்களின் கணக்கு. பாதிப் பேருக்கு அறுவைக்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றி 0.5% லிக்னோகெய்ன், மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஐந்து ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஊசி போட்ட குழுவில் 86.6%, போடாத குழுவில் 82.6%. உயிரோடு இருந்தவர்கள் 90.1%, 86.4%. 2023-இல் கட்டுரை வந்தது. இவ்வளவு மலிவான மருந்தில் நூற்றுக்கு நான்கு பேர் வித்தியாசம் என்றால் சின்ன விஷயமில்லை.

ஆனாலும் எனக்கு முழு நிறைவு இல்லை. ஊசி போடாத குழுவுக்கு உப்புநீர் ஊசியாவது போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எந்த நோயாளி எந்தக் குழு என்று சர்ஜனுக்குத் தெரியும். சாவைக் கணக்கிடுவதில் இது பெரிதாகப் பாதிக்காது என்பார்கள், அதை ஏற்கிறேன். வேறொரு நாட்டில் இதே அளவில் செய்து இதே விடை வந்தால்தான் நான் பாடப்புத்தகத்தில் சேர்ப்பேன்.

நுண்ணோக்கி:
இந்த இழைக்கு அதில் முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த ஆய்வுக்குழு எதிர்ப்பு சக்தியைப் பற்றிப் பேசியதைவிடப் புற்றுநோய் அணுக்களின் மேலேயே உள்ள சோடியம் வாயில்களைப் பற்றித்தான் அதிகம் பேசியது. கத்தி படும்போது கலைந்து ஓடும் அணுக்களின் நகர்ச்சி இதனால் முடங்குகிறது என்பது அவர்களின் ஊகம். கட்டுரை காட்டுவது பலனை. காரணத்தை அல்ல. "லிக்னோகெய்ன் என்.கே. செல்களை (புற்றணுக்களைக் கொல்லும் ஒருவகை வெள்ளை அணு) உசுப்பிவிட்டுப் புற்றுநோயை விரட்டுகிறது" என்று சிலர் யூடியூபில் பேசுவது இந்த ஆய்விலிருந்து வரவில்லை. குறைந்த செறிவில் என்.கே. செல்களின் கொல்லும் திறன் கூடுவதாகத் தட்டில் பார்த்த ஆய்வுகள் உண்டு. தட்டுதான்.

வைகைக்கரை:
எனக்கு ஒரு சந்தேகம். மரப்பு ஊசியால் பலன் என்றால் முதுகில் போடும் நரம்பு மரப்பிலும் அதே பலன் வர வேண்டுமே?

இரவுப்பணி:
நல்ல கேள்வி. எங்கள் துறை இதைத்தான் பல காலமாக நம்பிக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சையே உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி. கார்டிசால், அட்ரினலின் ஏறும். இவை என்.கே. செல்களை அடக்கும். வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகைகளும் அடக்கும். நரம்பை முன்கூட்டியே மரக்க வைத்தால் அதிர்ச்சியும் குறையும், மார்ஃபினும் குறைவாகத் தேவைப்படும், அதனால் எதிர்ப்பு அணுக்கள் தெம்பாக இருந்து மிச்சப் புற்றணுக்களைத் தின்றுவிடும். கேட்க மிக அழகான கோட்பாடு.

2019-இல் லான்செட் மருத்துவ இதழில் விடை வந்தது. 8 நாடுகள், 13 மருத்துவமனைகள், 2,108 பெண்கள். ஒரு பக்கம் முதுகெலும்புக்குப் பக்கத்தில் நரம்பு மரப்பும் புரொப்போஃபால் என்ற மயக்க ஊசியும். மறுபக்கம் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவும் மார்ஃபின் வகை வலி மருந்தும். நோய் திரும்பியது இரண்டு பக்கமும் சுமார் 10%. வித்தியாசம் இல்லை.

டாடா ஆய்வோடு இது முரண்படுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதுகில் போட்ட மருந்து கட்டிக்குப் பக்கத்தில் போகவே இல்லை. டாடா ஆய்வில் கட்டியே மருந்தில் நனைந்தது. எங்கே, எவ்வளவு செறிவில் என்ற அதே கேள்விதான் இங்கேயும்.

கத்திமுனை:
அல்லது இரண்டில் ஒன்று தற்செயல். அந்த வாய்ப்பையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

இரவுப்பணி:
சொல்லலாம். சொல்லியாகிவிட்டது :)

நுண்ணோக்கி:
தற்செயலைப் பற்றிப் பேச்சு வந்ததால் நியூட்ரோஃபில் வலைகளைப் பற்றியும் எழுதுகிறேன். இந்தப் பொருளில் இப்போது சூடான பகுதி அதுதான்.

நியூட்ரோஃபில் சில சமயம் தன் டி.என்.ஏ-வையே வெளியே வீசி வலை விரிக்கும். கிருமியைப் பிடிக்கத்தான். அறுவைக்குப் பிறகு இந்த வலைகள் அதிகமானால், ரத்தத்தில் சுற்றும் புற்றணுக்கள் அதில் சிக்கி வேறு உறுப்பில் குடியேற வசதியாகிவிடுகிறது என்று விலங்கு ஆய்வுகள் சொல்கின்றன. ருமேனியாவின் குளுஜ் நகரில் மார்பக அறுவைக்கு வந்த 120 பெண்களில் லிக்னோகெய்னை நரம்பு வழியாக ஓட்டிப் பார்த்தார்கள். 2020-இல் வந்த கட்டுரை. வலை விரிந்ததைக் காட்டும் ரத்தக் குறியீடுகள் லிக்னோகெய்ன் குழுவில் குறைந்தன. எல்லோரும் உற்சாகமானோம்.

அப்புறம் சீனாவில் கணையப் புற்றுநோய் அறுவையில் 563 பேரிடம் பார்த்தார்கள். அங்கேயும் வலைக் குறியீடுகள் குறைந்தன. ஆனால் நோயாளிகள் வாழ்ந்த காலத்தில் வித்தியாசமே இல்லை. கணையப் புற்றுநோய் ரொம்பப் பொல்லாதது, அதனால் மறைந்திருக்கலாம் என்று வாதிடுவார்கள். என் பார்வை இதுதான்: ரத்தக் குறியீடு அசைந்ததை வைத்து உயிர் பிழைத்ததாகக் கணக்கு எழுதக் கூடாது. எதிர்ப்பு அணு பற்றிய முக்கால்வாசி ஆய்வுகள் குறியீட்டோடு நின்றுவிடுகின்றன. "எதிர்ப்பு சக்தி போகும்" என்பவரும் "புற்றுநோய் போகும்" என்பவரும் எடுத்துக்காட்டுவது இந்த முக்கால்வாசியிலிருந்துதான்.

வைகைக்கரை:
குடல் ஆபரேஷனுக்கும் லிக்னோகெய்ன் டிரிப் போடுவதாகக் கேள்விப்பட்டேனே?

இரவுப்பணி:
அழற்சி குறைந்தால் குடல் சீக்கிரம் அசையும் என்ற எண்ணத்தில் செய்தது. பிரிட்டனில் சுமார் 600 பேரை வைத்துப் பார்த்த அலெக்ரோ என்ற ஆய்வு 2024-இல் வந்தது. குடல் சீக்கிரம் அசையவில்லை. நான் டிரிப்பை அதற்காகப் போடுவதை விட்டுவிட்டேன்.

பல்லாங்குழி:
கொஞ்சம் பக்கவாட்டில் போகிறேன், மன்னிக்கவும். நான் பல் டாக்டர். சீழ் கட்டின பல்லில் மரப்பு ஊசி ஏறாது. நோயாளிகள் "மருந்து போலி" என்று சண்டை போடுகிறார்கள். இதுவும் வெள்ளை அணுக்களின் வேலையா?

நுண்ணோக்கி:
ஒருவகையில் ஆமாம். சீழில் குவிந்த அணுக்களும் கிருமிகளும் அந்த இடத்தை அமிலமாக்கிவிடுகின்றன. லிக்னோகெய்ன் மின்னேற்றம் இல்லாத வடிவில்தான் நரம்பின் உறைக்குள் நுழையும். சாதாரணத் திசுவில், அமிலக் குறியீடு 7.4-இல், சுமார் கால்வாசி அந்த வடிவில் இருக்கும். 6.4-க்கு இறங்கினால் அது 3% அளவுக்குத்தான். ரத்த ஓட்டமும் அங்கே அதிகம் என்பதால் மருந்தை அடித்துக்கொண்டு போகிறது. நீங்கள் செய்வதுபோலத் தள்ளி, நரம்பின் தண்டில் போடுவதுதான் வழி.

அப்படியே இன்னொன்று: இந்த மருந்துகள் பாக்டீரியாவையும் ஓரளவு அடக்கும். கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்க) மாதிரி எடுக்கும் இடத்தில் மரப்பு மருந்தைத் தாராளமாக ஊற்றிவிட்டு "வளர்ச்சி இல்லை" என்று எங்களுக்கு அனுப்பினால் நாங்கள் என்ன செய்வது?

குட்டிமா_அம்மா:
அக்கா, அண்ணா எல்லோருக்கும் ஒரு கேள்வி. பாப்பாவுக்குத் தடுப்பூசி போடும் முன் தடவ ஒரு மரப்பு கிரீம் மருந்துக்கடையில் தருகிறார்கள். அதைத் தடவினால் தடுப்பூசி வேலை செய்யாமல் போய்விடுமா?

மருந்துக்குப்பி:
மருந்தாளுநர். நீங்கள் சொல்வது லிக்னோகெய்னும் பிரிலோகெய்னும் தலா 2.5% உள்ள கிரீமாக இருக்கும். குழந்தைகளில் அதைத் தடவியும் தடவாமலும் தடுப்பூசி போட்டு எதிர்ப்பொருள் அளவைப் பார்த்திருக்கிறார்கள், குறையவில்லை. கிரீம் தோலில் சில மில்லிமீட்டர்தான் இறங்கும், தொடைத் தசையில் போகும் ஊசி அதைத் தாண்டிப்போகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை எல்லோருக்கும் பரிந்துரைக்காததற்குக் காரணம் செலவும் நேரமும்தான். ஒரு மணி நேரம் முன்பே தடவி மூடி வைக்க வேண்டும். கைக்குழந்தைக்கு நிறையத் தடவ வேண்டாம், பிரிலோகெய்ன் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கலாம். அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசி போடும்போது தாய்ப்பால் கொடுத்தாலே பாதி அழுகை அடங்கும்.

எதிர்ப்பு மண்டலம் என்றதும் எங்கள் கடையில் வரும் பெரிய கேள்வி அலர்ஜி. லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி மிக அபூர்வம். பல குப்பிகளில் கெடாமல் இருக்க மெத்தில்பாராபென் சேர்ப்பார்கள், சில சமயம் உடம்பு அதற்கு எதிராகத்தான் கிளம்புகிறது. பழைய புரொக்கெய்ன் வகையில் அலர்ஜி அதிகம், ஏனென்றால் அது உடைந்தால் பாராஅமினோபென்சாயிக் அமிலம் வரும். "ஊசி போட்டதும் படபடவென்று வந்தது, எனக்கு அலர்ஜி" என்பவர்களில் பலருக்கு அது கூடவே சேர்த்த அட்ரினலின், இல்லையென்றால் பயம்.

செம்பருத்தி:
எல்லோருக்கும் நன்றி. பாதி புரிந்தது, பாதியை இன்னும் ஒருமுறை படிக்க வேண்டும். நேராகவே கேட்கிறேன். உங்கள் அம்மாவாக இருந்தால் அந்த ஊசியைப் போட விடுவீர்களா?

கத்திமுனை:
விடுவேன். பலன் உறுதி என்பதால் இல்லை. பலன் இருக்கலாம், கெடுதல் மிகக் குறைவு, செலவு ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊசி போட்டாகிவிட்டது என்று கீமோவையோ ரேடியேஷனையோ மாத்திரையையோ குறைக்கச் சொன்னால் விடமாட்டேன். டாடா ஆய்வில் அந்தப் பெண்கள் எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சையும் நடந்தது.

பனங்காடு_ஆறுமுகம்:
என் தங்கைக்கு வலி தாங்காமல் முதுகில் போட்டார்கள், அப்புறம் சளி பிடித்துக்கொண்டது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வைகைக்கரை:
ஐயா, ஆஸ்பத்திரி ஏசியில் எனக்கு ஊசியே போடாமல் சளி பிடித்தது.

இரவுப்பணி:
செம்பருத்தி, நானும் போட விடுவேன். போகும்போது மயக்க டாக்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: அம்மாவின் எடை, இதயத்துடிப்பில் கோளாறு இருந்ததா, கல்லீரல் எப்படி. எடை எதற்கு என்றால், அந்த ஆய்வில் ஒரு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் உச்சவரம்பு.

செம்பருத்தி:
எடை 48 கிலோ. கல்லீரல் சோதனை சரியாக இருக்கிறது. இதயத்தில் பிரச்சினை இல்லை. கை நடுக்கத்துக்கு ப்ரொப்ரனோலால் மாத்திரை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறார். அது பரவாயில்லையா?

இரவுப்பணி:
48 கிலோ என்றால் உச்சம் 216 மில்லிகிராம். 0.5% மருந்தில் சுமார் 43 மில்லி. கட்டியைச் சுற்றிப் போட அதுவே தாராளம்.

ப்ரொப்ரனோலாலைக் கட்டாயம் சொல்லுங்கள். லிக்னோகெய்னை உடைப்பது கல்லீரல். ப்ரொப்ரனோலால் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கிறது, உடைக்கும் வேகத்தையும் குறைக்கிறது. ரத்தத்தில் மருந்து வழக்கத்தைவிட ஏறி நிற்கும். அவர்கள் அளவை அதற்கேற்பக் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறும், அது லிக்னோகெய்னைவிடப் பெரிய தலைவலி. மாத்திரை அட்டையையே கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

செம்பருத்தி:
சரி டாக்டர். அட்டையைப் பையில் வைத்துவிட்டேன். பெரியப்பாவுக்கு இந்த இழையின் சுட்டியையும் அனுப்பியிருக்கிறேன், அவர் வந்து கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள்.